இருமல் நின்றுவிட்டது, இன்ஹேலரை நிறுத்தலாமா?

பல்லடத்து_டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். வயது 36, பள்ளி ஆசிரியை. ஐப்பசி மழைக்குப் பிறகு இரவு மூன்று, நான்கு மணிக்கு இருமல் எழுப்பிவிடும். பகலில் ஒன்றும் இருக்காது. இருமல் மருந்து எதற்கும் அடங்கவில்லை. கோவையில் நுரையீரல் மருத்துவர் ஒருவர் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு ஆஸ்துமா என்றார். பூடெசனைடும் ஃபார்மோட்டராலும் கலந்த இன்ஹேலர் கொடுத்திருக்கிறார். காலையில் இரண்டு, இரவில் இரண்டு.

இப்போது இருமல் இல்லை, நன்றாகத் தூங்குகிறேன். அங்கேதான் சிக்கல். "நன்றாகத்தானே இருக்கிறாய் கண்ணு, இன்னும் எதற்கு அதை இழுத்துக்கொண்டிருக்கிறாய், பழக்கமாகிவிடும்" என்கிறார் மாமியார். கணவர் வாயைத் திறப்பதில்லை, ஆனால் ஸ்டீராய்டு என்ற சொல்லை இணையத்தில் தேடிவிட்டு முகம் வாடியிருக்கிறார். மருத்துவரிடம் கேட்கலாம்தான். அங்கே வெளியே முப்பது பேர் காத்திருக்கும்போது எனக்குக் கேள்வியே மறந்துவிடுகிறது.

இதோடு வாழ்ந்துகொண்டிருப்பவர்கள் சொல்லுங்கள். எப்போது நிறுத்துவது? வெள்ளிக்கிழமை சாம்பிராணி, மார்கழிக் கோலம் இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

---

செவ்வாய்ப்பேட்டை

டீச்சர், எனக்குப் பால்வாடி வயதிலிருந்தே இழுப்பு. என் தலைமுறைக்கு இன்ஹேலரெல்லாம் கிடையாது, டெரிஃபிலின் மாத்திரையும் ஊசியும்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருமல் நின்றது நோய் போனதால் அல்ல, மருந்து வேலை செய்வதால். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்க்குள் மூன்று காரியங்கள் நடக்கின்றன. குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது, உள்சுவர் வீங்குகிறது, சளி கெட்டியாகி அடைக்கிறது. நீல நிற இன்ஹேலரில் இருக்கும் சால்பூட்டமால் தசையை மட்டும்தான் தளர்த்தும். சில நிமிடங்களில் மூச்சு திறக்கும், நான்கு முதல் ஆறு மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். வீக்கம் அப்படியே உள்ளே இருக்கும். அதைக் குறைப்பது உங்கள் இன்ஹேலரில் இருக்கும் பூடெசனைடு. அது நாள்கணக்கில், வாரக்கணக்கில் மெல்ல வேலை செய்கிற மருந்து. இழுத்த உடனே எதுவும் தெரியாததால்தான் நம் ஊரில் அதற்கு மரியாதை இல்லை. நீலத்தை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்! ஆஸ்துமா சிகிச்சைக்கு உலகளவில் வழிகாட்டும் ஜினா அமைப்பே 2019இல், பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுத்து வைத்தியம் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

நன்றாக இருக்கும் நாளில் இழுப்பதுதான் இந்த மருந்தே. மழை விட்டது என்று கூரையைப் பிரித்துப் போடுவார்களா?

மாமியார் சொல்லும் பழக்கம் இதில் இல்லை. போதை போல உடல் கேட்காது, நாளாக ஆக அளவு கூடிக்கொண்டே போகவும் தேவையில்லை.

---

மெடிக்கல்_ஷாப்_திருச்சி

கணவர் தேடிப் பார்த்ததைப் பற்றி. ஒரு மில்லிகிராமில் ஆயிரம் மைக்ரோகிராம். உங்கள் இன்ஹேலரில் இருக்கும் ஸ்டீராய்டு பூடெசனைடுதான், அது ஒரு இழுப்புக்கு 200 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. அதுவும் நேரே நுரையீரலுக்குப் போகிறது. இதைக் கைவிட்டு ஒரு நாள் மூச்சு முட்டி மருத்துவமனைக்குப் போனால் என்ன எழுதிக் கொடுப்பார்கள் தெரியுமா? பிரெட்னிசலோன் மாத்திரை, பெரியவர்களுக்கு வழக்கமாக நாளுக்கு 40 மில்லிகிராம், ஐந்து முதல் ஏழு நாள். ஸ்டீராய்டுக்குப் பயப்படுகிறவர்கள் பயப்பட வேண்டியது அந்த மாத்திரைக்கு.

பக்க விளைவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். குரல் கம்மும். டீச்சருக்கு அது முக்கியம். வாயில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை வரும். அதிக அளவில் பல ஆண்டுகள் போனால் எலும்பையும் கண்ணையும் கவனிக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் வழி எளிது. இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், விழுங்காதீர்கள். பல் துலக்குவதற்கு முன் இழுத்தால் அந்த வேலை தானாக முடிந்துவிடும்.

இனி என் புலம்பல். கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதை இழுக்கவே தெரியவில்லை. வாயைத் திறந்து வாசனைத் திரவியம் அடிப்பதுபோல அடித்துக்கொள்கிறார்கள், மருந்து தொண்டையில் படிந்துவிடுகிறது. குலுக்குங்கள். மூச்சை முழுவதும் வெளியே விடுங்கள். உதட்டால் இறுகக் கவ்வி, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே அழுத்துங்கள், இழுத்துக்கொண்டே போங்கள். பத்து எண்ணும் வரை அடக்குங்கள். அடுத்ததற்கு அரை நிமிடமாவது இடைவெளி விட்டு மறுபடியும் குலுக்குங்கள். கை அழுத்துவதும் வாய் இழுப்பதும் ஒத்துவரவில்லை என்றால் இன்ஹேலரில் மாட்டும் ஸ்பேசர் குடுவை வாங்குங்கள். அதற்குள் மருந்தை அடித்துவிட்டு நிதானமாக இழுக்கலாம். குரல் கம்முவதும் குறையும்.

மாத்திரை வடிவில் பொடி போட்டு இழுக்கும் ரோட்டாஹேலர் இதற்கு நேர் எதிர். குலுக்கக் கூடாது, அதற்குள் ஊதக் கூடாது, வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். அந்த மாத்திரையைத் தண்ணீர் ஊற்றி விழுங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், பெட்டியில் கேப்சூல் என்று இருந்தால் அவர்கள் வேறென்ன செய்வார்கள், சொல்லிக்கொடுக்காதது யார் தப்பு?

---

மணப்பாறை_மாடு

திருச்சி அண்ணா, இன்ஹேலரில் மருந்து மீதி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? தண்ணீரில் போட்டால் மிதந்தால் காலி என்கிறார்களே.

---

மெடிக்கல்_ஷாப்_திருச்சி

அதை நம்பாதீர்கள் தம்பி. மருந்து தீர்ந்த பிறகும் உள்ளே வாயு இருக்கும், புஸ் என்று வரும். டப்பியிலேயே எண் காட்டும் கருவி இருந்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் கணக்குப் போடுங்கள். 120 இழுப்பு என்று எழுதியிருந்து, நாளுக்கு நான்கு என்றால் முப்பதே நாள். தொடங்கும் தேதியை டப்பியின் மேல் பேனாவால் எழுதி வையுங்கள்.

---

ஆடாதோடை

எல்லோரும் ஆங்கில மருந்துக்கே வக்காலத்து வாங்குகிறீர்கள். ஆடாதோடை, தூதுவளை, கண்டங்கத்திரி என்று நம் மண்ணில் இல்லாததா? என் பெரியப்பா ஹைதராபாத்துக்கு மீன் மருந்துக்குப் போய்வந்து நன்றாக இருந்தார்.

---

செவ்வாய்ப்பேட்டை

ஆடாதோடையை நான் மறுக்க மாட்டேன் நண்பரே. அதிலுள்ள வாசிசைன் என்ற சத்தை அடியொற்றிச் செய்ததுதான் இன்று கடையில் விற்கும் புரோம்ஹெக்சின். ஆனால் அது சளியை இளக்கும் மருந்து. குழாயின் வீக்கத்தைக் குறைப்பது அதன் வேலை அல்ல. கஷாயம் பிடித்தால் குடியுங்கள், இன்ஹேலரோடு சேர்த்துக் குடியுங்கள், மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். அதற்குப் பதிலாக என்றால்தான் எனக்குக் கோபம் வரும்.

மீன் மருந்துக்கு எங்கள் அப்பாவும் என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஜூன் மாதம், மிருகசீரிடக் கார்த்தி நாளில் பத்தினி என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள் கொடுப்பது. உயிருள்ள சின்ன விரால் குஞ்சின் வாயில் மஞ்சள் நிற மருந்தை வைத்து அப்படியே விழுங்க வைப்பார்கள். சைவக்காரர்களுக்கு வெல்லத்தில். 45 நாள் பத்தியம், மூன்று ஆண்டு தொடர்ந்து வர வேண்டும். இப்போது அதைப் பிரசாதம் என்றே சொல்கிறார்கள், அது உண்மைக்குப் பக்கம். மருந்து என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும் அல்லவா? அதை அந்தக் குடும்பம் சொன்னதில்லை. ஆஸ்துமா தானாகவே ஏறி இறங்குகிற நோய். மிகவும் மோசமாக இருக்கும்போதுதான் எவரும் ரயில் ஏறுவார்கள். அதற்குப் பிறகு இறங்கத்தான் செய்யும், பெயர் விராலுக்குப் போய்விடும்.

இதைவிட ஆபத்து பெயர் ஒட்டாத வெள்ளைப் பொட்டலம். ஒரே வேளையில் இழுப்பு நின்றுவிட்டது என்றால் உள்ளே ஸ்டீராய்டு இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். அளவு தெரியாமல் மாதக்கணக்கில் தின்று முகம் உப்பி, சர்க்கரை ஏறி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

---

நெறியாளர்

'மூச்சு டீ' விற்கும் இணைப்போடு வந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. விற்பனைக்கு இது இடமல்ல.

---

கொக்குவில்

எங்கள் பக்கம் இதை முட்டு என்றும் தொய்வு என்றும் சொல்வார்கள். அம்மாவுக்கு இளவயதிலிருந்தே இந்த வருத்தம். அவருடைய இரண்டு அனுபவங்களை எழுதுகிறேன், மருந்துக்கடை ஐயா பிழை இருந்தால் திருத்துங்கள்.

ஒன்று, மூட்டு நோவுக்கு யாரோ கொடுத்த டைக்ளோஃபெனாக் குளிசை போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் மூச்சு எடுக்க முடியாமல் போனது. இரண்டு, பல ஆண்டுகள் கழித்து கண்ணில் அழுத்தம் என்று விட்ட சொட்டு மருந்து. கண்ணில் விடுவதற்கும் நெஞ்சுக்கும் என்ன தொடர்பு என்று நாங்கள் யோசிக்கவேயில்லை. டொக்டர் போத்தலைப் பார்த்ததும் உடனே நிறுத்தச் சொன்னார்.

---

மெடிக்கல்_ஷாப்_திருச்சி

பிழையே இல்லை அம்மா, இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். ஆஸ்துமாக்காரர்களில் ஒரு பகுதியினருக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாது. மூக்கில் சதை வளர்ச்சி உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பெரும்பாலானோருக்குப் பாரசிட்டமால் பாதுகாப்பானது. கண் சொட்டு மருந்து டிமோலாலாக இருந்திருக்கும். பீட்டா பிளாக்கர் வகை, அது மூச்சுக்குழாயை இறுக்கும். தலைவலிக்கும் கை நடுக்கத்துக்கும் கொடுக்கும் புரோப்ரனலாலும் இதே இனம். எந்த மருத்துவரிடம் போனாலும், பல் மருத்துவரானாலும், முதலில் ஆஸ்துமா என்று சொல்லிவிடுங்கள்.

---

பல்லடத்து_டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. மில்லிகிராம் கணக்கைக் கணவரிடம் படித்துக் காட்டினேன், முகம் தெளிந்தது. மாமியார் இன்னும் தெளியவில்லை. சாம்பிராணிக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

---

மாம்பலம்_மாமி

நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் சாம்பிராணி போடும் உரிமையை நானே எடுத்துக்கொண்டேன். அதாவது போடாமல் இருக்கும் உரிமையை. அது நடக்காத வீட்டில், புகை போடும் நேரத்துக்குக் கறிவேப்பிலை வாங்கக் கடைக்குப் போய்விடுங்கள், எல்லா ஜன்னலையும் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு. சாமி கோபித்துக்கொள்ள மாட்டார், மாமியார் கொஞ்சம் கோபிப்பார்.

சாம்பிராணி வாரத்தில் ஒரு நாள். இரவு முழுவதும் கட்டிலுக்கு அடியில் எரியும் கொசுவர்த்திச் சுருளை யாரும் பேசுவதில்லை. ஒரு சுருள் எரிந்து தீரும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. கொசுவலை கட்டுங்கள். மிளகாய் தாளிக்கும்போது புகைபோக்கி விசிறியை முன்கூட்டியே போடுங்கள்.

போகிக்கு நான் சென்னையிலேயே இருப்பதில்லை, தங்கை வீட்டுக்குப் போய்விடுவேன். 2018 போகியன்று புகையில் விமானங்களே இறங்க முடியாமல் திருப்பி விடப்பட்டன, என் நுரையீரல் எம்மாத்திரம்?

---

கார்டிங்_செக்ஷன்

ஒரு சந்தேகம். நான் நூற்பாலையில் வேலை பார்க்கிறேன். ஞாயிறு விடுமுறை. திங்கள்கிழமை ஷிப்டுக்குப் போன சில மணி நேரத்தில் நெஞ்சு இறுக்குகிறது. புதன், வியாழனில் குறைந்துவிடுகிறது. இதுவும் ஆஸ்துமாவா? மேஸ்திரியிடம் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை குடித்திருப்பாய் என்கிறார்.

---

செவ்வாய்ப்பேட்டை

தம்பி, நீங்கள் சொன்ன அந்தத் திங்கள்கிழமை விவரத்தை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். விடுமுறை முடிந்து வரும் முதல் நாளில் மோசமாக இருப்பது பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் நோயின் அடையாளம். பஞ்சைப் பிரிக்கும் புளோ ரூமிலும் சிக்கெடுக்கும் கார்டிங்கிலும்தான் தூசி அதிகம். ஆஸ்துமாவாகவும் இருக்கலாம், இரண்டையும் பிரித்துச் சொல்ல வேலைக்கு முன்னும் பின்னும் மூச்சை அளந்து பார்க்க வேண்டும். தொழிலாளர் ஈட்டுறுதி அட்டை இருந்தால் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் காட்டுங்கள். தொழில் சார்ந்த நோய் என்று பதிவாவது உங்களுக்கு நல்லது. புகைபிடித்தால் நிறுத்துங்கள். துணியைக் கட்டிக்கொள்வது போதாது, நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசம் கேளுங்கள்.

மேஸ்திரியைப் பற்றி எழுத நினைத்ததை நெறியாளர் நீக்கிவிடுவார்.

---

யாரா_நதி

மெல்பர்னிலிருந்து எழுதுகிறேன். இங்கே படிக்க, வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு தகவல். 2016 நவம்பர் 21 மாலை இங்கே இடியுடன் புயல் வீசியது. ரை புல்லின் மகரந்தம் ஈரத்தில் உப்பி வெடித்து, நுரையீரலின் ஆழம் வரை போகும் நுண்துகள்களாகக் காற்றில் கலந்தது. ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைகளில் குவிந்தார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். ஆஸ்துமா என்று அதற்கு முன் எவரும் சொல்லாதவர்கள், வசந்த காலத்தில் தும்மல் மட்டுமே இருந்தவர்கள் பலர் அதில் பாதிக்கப்பட்டார்கள். இந்திய, ஆசிய வம்சாவளியினர் மக்கள்தொகை விகிதத்தை மீறி அதிகமாக இருந்தார்கள். எனவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை முன்னறிவிப்பைப் பாருங்கள். புயல் வருகிறது என்றால் வீட்டுக்குள் போய் ஜன்னலைச் சாத்துங்கள், தினமும் இழுக்கும் தடுப்பு இன்ஹேலரை விடாதீர்கள்.

இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கும் முதலுதவி நான்கு, நான்கு, நான்கு. நிமிர்ந்து உட்கார வைத்து, நீல மருந்தை ஸ்பேசரில் ஒரு தடவை அடித்து நான்கு மூச்சு, இப்படி நான்கு தடவை. நான்கு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் நான்கு. அப்போதும் அடங்கவில்லை என்றால் ஆம்புலன்ஸ். அது வரும்வரை நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை தொடர வேண்டும்.

---

மெடிக்கல்_ஷாப்_திருச்சி

நம் ஊரில் 108. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, நீல மருந்தின் பலன் சில மணி நேரம்கூட நிற்கவில்லை என்றால் எதற்கும் காத்திருக்காதீர்கள். குழந்தைக்கு விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுபடும், சட்டையைக் கழற்றிப் பாருங்கள். விசில் சத்தம் திடீரென்று அடங்கி, ஆள் சோர்ந்துபோனால் அது குணம் அல்ல. காற்றே போகவில்லை என்று பொருள்.

---

இரட்டைப்பிள்ளை_அம்மா

என் மகனுக்கு எட்டு வயது. இன்ஹேலர் போட்டால் உயரம் குறையும் என்று பள்ளி வாசலில் ஒருவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. பள்ளியிலோ விளையாட்டு நேரத்தில் உட்கார வைத்துவிடுகிறார்கள்.

---

செவ்வாய்ப்பேட்டை

குறையும், மறைக்க வேண்டியதில்லை. நீண்டகாலம் போடும் பிள்ளைகளில் சராசரியாக ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். அதுவும் பெரும்பாலும் முதல் ஓரிரு ஆண்டுகளில் நேர்வது, ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போவதல்ல. கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா தூக்கத்தையும் ஓட்டத்தையும் படிப்பையும் எடுத்துக்கொள்ளும். நான் ஒரு சென்டிமீட்டரைக் கொடுத்துவிடுவேன்.

விளையாட விடச் சொல்லுங்கள். ஓடினால்தான் வருகிறது என்றால், பத்துப் பதினைந்து நிமிடம் முன்பு நீல மருந்து எடுத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டு, அவர் எழுதிக் கொடுத்த தாளின் நகலை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். மருந்து பிள்ளையின் பையில் இருக்கட்டும், தலைமையாசிரியர் அறை பீரோவில் பூட்டி வைத்தால் யாருக்கு உதவும்? டீச்சர், நீங்கள் இருக்கும் பள்ளியில் இதைச் செய்யலாமே.

---

பல்லடத்து_டீச்சர்

செய்கிறேன் அண்ணா. என் வகுப்பிலேயே ஒரு பெண் மழைக்காலத்தில் அடிக்கடி விடுப்பு எடுக்கிறாள், அவள் அம்மாவை அழைத்துப் பேச வேண்டும். ஆனால் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. நிறுத்துவது என்று ஒன்று உண்டா, ஆயுளுக்குமா?

---

மெடிக்கல்_ஷாப்_திருச்சி

நிறுத்துவது என்று யோசிக்காமல் குறைப்பது என்று யோசியுங்கள் அம்மா. மூன்று மாதம் போல இரவு இருமல் இல்லாமல், அவசர மருந்து தேவைப்படாமல், வேலை தடைபடாமல் போனால் மருத்துவரே அளவை ஒரு படி இறக்குவார். பிறகு பொறுத்துப் பார்த்து இன்னொரு படி. சிலர் மிகக் குறைந்த அளவில் வந்து நின்றுவிடுகிறார்கள். சளிக் காய்ச்சல் இருக்கும்போதும், பயணத்துக்கு முன்பும், கர்ப்பமாக இருக்கும்போதும் குறைக்க மாட்டார்கள். கர்ப்பம் என்றதும் இன்ஹேலரைத் தூக்கி எறியும் வீடுகள் நிறைய. தாய்க்கு மூச்சு முட்டினால் வயிற்றிலுள்ள குழந்தைக்கும் ஆக்சிஜன் குறையும். பூடெசனைடு கர்ப்பிணிகளிடம் நீண்டகாலமாகப் பயன்படுத்தப்பட்ட மருந்து. உங்களுக்கு ஐப்பசியில் தொடங்கியது என்கிறீர்கள். மார்கழிப் பனி தாண்டாமல் எந்த மருத்துவரும் கைவைப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

---

மாம்பலம்_மாமி

மார்கழியில் கோலம் போடத்தான் வேண்டும் என்றால் மூக்கையும் வாயையும் சேர்த்துச் சால்வையால் சுற்றிக்கொள்ளுங்கள், குளிர்காற்று நேரே உள்ளே போகாது. வாசல் பெருக்குவதை மட்டும் வேறு யாரிடமாவது தள்ளிவிடுங்கள். பெருக்குவதற்கு முன் தண்ணீர் தெளிப்பது நம் பாட்டிகள் கண்ட நல்ல வழக்கம்.

அப்புறம், தலையணை! இலவம் பஞ்சுத் தலையணை எத்தனை ஆண்டுப் பழசு? உள்ளே தூசிப்பூச்சி குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். ஈரப்பதம் அதிகமான ஊர்களில் அதற்குக் கொண்டாட்டம். உறைகளை வாரம் ஒரு முறை கை பொறுக்காத சூட்டில், 60 டிகிரி போல, துவையுங்கள். வெயிலில் காய வைத்தால் பூச்சி சாகும், ஆனால் அதன் எச்சம் துவைத்தால்தான் போகும்.

---

ஆடாதோடை

பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒன்றைப் பெரியப்பா பையன் வைத்திருக்கிறான். அது வேண்டுமா? (கஷாயத்தை விடவில்லை, ஆனால் கேட்கிறேன்.)

---

செவ்வாய்ப்பேட்டை

வாருங்கள் நண்பரே. அதில் முழு மூச்சில் ஊதினால் எண் காட்டும். உடல்நிலை நன்றாக இருக்கும் காலத்தில் இரண்டு மூன்று வாரம் ஊதிப் பார்த்து, எட்டிய மிக உயர்ந்த எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். அது 400 என்றால், 320க்கு மேல் பச்சை. 200க்கும் 320க்கும் நடுவே மஞ்சள், மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி மருந்தைக் கூட்ட வேண்டிய நேரம். 200க்குக் கீழே சிவப்பு, நீல மருந்தை இழுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். எல்லோருக்கும் அவசியம் என்று சொல்ல மாட்டேன். மூச்சு குறைவது தனக்கே தெரியாத ஆட்கள் உண்டு, பழகிப்போனவர்கள். அவர்கள் கட்டாயம் வாங்க வேண்டும். ஒரே கருவியில், நின்றுகொண்டு, மூன்று தடவை ஊதி அதில் பெரிய எண்ணை எடுங்கள்.

---

இரட்டைப்பிள்ளை_அம்மா

ஸ்பேசர் கடையில் இல்லை என்று இரண்டு இடத்தில் சொல்லிவிட்டார்கள். அவசரத்துக்கு வேறு வழி உண்டா?

---

மெடிக்கல்_ஷாப்_திருச்சி

உண்டு. அரை லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் இறுக்கமாக நுழையும் அளவுக்குத் துளை போடுங்கள், பாட்டில் வாயைப் பிள்ளை கவ்வட்டும். தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளிடம் சோதித்து, கடைப் பொருளுக்கு ஈடாக வேலை செய்கிறது என்று 1999இல் எழுதியிருக்கிறார்கள். துளையின் ஓரத்தில் காற்று கசியாமல் டேப் ஒட்டுங்கள். முதலில் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, துடைக்காமல் அப்படியே உலர விடுங்கள். துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். கடைப் பொருளை நாளை வரவழைத்து வைக்கிறேன், திருச்சிப் பக்கம் என்றால் தனிமடல் அனுப்புங்கள்.

---

நெறியாளர்

ஐயா, விற்பனை கூடாது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

---

மெடிக்கல்_ஷாப்_திருச்சி

வாங்கிய விலைக்குத்தான் கொடுப்பேன் சார்.